பிக்கப்புக்கு ஒரு நங்கூரம்

அம்மையப்பனின் பிக்கப் இரண்டாவது தடவையாக மணலில் உட்கார்ந்துவிட்டது.

இறங்கிப் பார்த்தான். பின்சக்கரம் இரண்டும் பாதிக்கு மேல் உள்ளே போயிருந்தன. போன வாரம் மாட்டியபோது கையில் ஒன்றுமில்லாமல், வண்டி நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். இந்த வாரம் அப்படியில்லை. மண்வெட்டி, கயிறு, கேம்ப்புத் தச்சர்களிடம் கெஞ்சி வாங்கிய இரண்டு பலகை என்று ஏற்பாடாகத்தான் வந்திருந்தான்.

முதலில் மண்வெட்டியை எடுத்தான். சக்கரத்துக்கு முன்னால் இருந்த மணலை வாரி வாரிப் போட்டான். வாரிய அளவுக்கு மேலேயிருந்து சரிந்து வந்து நிரம்பியது. கயிற்றை எடுத்து முன்னால் இருந்த கொக்கியில் கட்டினான். கட்டிய பிறகுதான் மறுமுனையைப் பிடித்து இழுக்க ஆள் இல்லை என்பது உறைத்தது. கடைசியில் பலகைகளைச் சக்கரத்துக்கு அடியில் செருகிவிட்டு, ஏறி உட்கார்ந்து முழு மூச்சாக மிதித்தான். ஒரு பலகை பின்னால் பறந்து எங்கோ விழுந்தது. இன்னொன்று சைலன்சரைப் பெயர்த்துக்கொண்டு போனது. வண்டி போட்ட சத்தத்துக்கு அது அபுதாபிக்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், ஆனால் ஒரு அடிகூட முன்னால் நகரவில்லை.

சொன்ன நேரத்துக்கு பிக்கப் சைட்டுக்கு வரவில்லையென்றால் குல்மீர் தேடி வருவான் என்பது ஏற்பாடு. குல்மீர் பாகிஸ்தானிலிருந்து வந்த பட்டாணி. ஒரு பழைய லேண்ட் குரூஸரை வைத்துக்கொண்டு, மணலில் மாட்டியவர்களை இழுத்துவிடுவதே அவன் தொழில். வந்தான், இறங்கினான், அம்மையப்பனைப் பார்க்கவேயில்லை. நேராக டயரிடம் போய்க் காலால் ஒரு தட்டுத் தட்டினான்.

"ஹவா நிகாலோ பாய்," என்றான்.

காற்றை இறக்கு என்கிறான். போன வாரமும் இதையேதான் சொன்னான். அம்மையப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யாரிடம் வந்து என்ன பேசுகிறான் இவன்?

அம்மையப்பனுக்குச் சொந்த ஊர் நாமக்கல். லாரியும் டயரும் தவிர அந்த ஊரில் ஆண்கள் வேறு எதைப் பற்றியும் பேசி அவன் கேட்டதில்லை. பெண் எடுத்ததுகூட டயர் ரீட்ரேடிங் பட்டறை வைத்திருந்தவர் வீட்டில்தான். நாக்பூருக்கும் இந்தூருக்கும் அவன் லோடு அடித்த காலத்தில், காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் ஒரு இரும்புத் தடியை எடுத்துக்கொண்டு லாரியைச் சுற்றி வருவான். ஒவ்வொரு டயரிலும் ஒரு தட்டு. டங் என்று சத்தம் வர வேண்டும். வந்தால்தான் காபி. அந்தத் தடியை நாமக்கல்லிலிருந்து விமானத்தில் ஏற்றி அபுதாபிக்கும் கொண்டுவந்திருந்தான்.

அவன் சர்வீசில் காற்று இல்லாமல் வண்டி நின்றது ஒரே ஒரு தடவை. அதுவும் அவனால் அல்ல. தலை தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போனவன், பட்டறை வாசலில் லாரியை நிறுத்திவிட்டு உள்ளே போனான். எண்ணெய்க் குளியலும் பலகாரமும் முடிந்து மத்தியானமே நாக்பூருக்குக் கிளம்ப வேண்டும். வெளியே வந்து பார்த்தால் முன்டயர் இரண்டும் சப்பை. பட்டறையில் கம்ப்ரஸர் இருக்கிறது, அதன் பெல்ட்டைக் காணோம். தீபாவளிக்கு ஊரே கடையடைத்திருந்தது. லோடு கைவிட்டுப் போய், நாலு நாள் மாமனார் வீட்டு முறுக்கைக் கடித்துக்கொண்டு கிடந்தான். இது மச்சினன் வேலைதான் என்று முடிவு கட்டி, அன்றைக்கு அவனோடு விட்ட பேச்சை இன்றைக்கு வரைக்கும் தொடங்கவில்லை.

இப்பேர்ப்பட்டவனைப் பார்த்துத்தான் குல்மீர் காற்றை இறக்கச் சொன்னான். இவன் அண்ணன் தம்பி எவனாவது டயர் கடை வைத்திருப்பான் என்று அம்மையப்பன் நினைத்துக்கொண்டான். அன்று மாலை கேம்ப்புக்குத் திரும்பியதும் முதல் வேலையாக நாலு டயரிலும் கூடுதலாகக் காற்றுப் பிடித்தான்.

இதெல்லாம் இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத்துக் கடைசியில் நடந்தது. அபுதாபியை ஒட்டிய முசஃபாவிலிருந்து மேற்கே இரண்டு மணி நேரம் போனால் மதினத் ஜாயித். அதைத் தாண்டித் தார் ரோடு முடிகிற இடத்தில் அந்த கேம்ப் இருந்தது. ரூமுக்கு ஆறு பேர், அடுக்குக் கட்டில், தலைமாட்டில் டேப் ரெக்கார்டர். ஊரிலிருந்து வரும் கேசட்டில் பிள்ளை அழுகிற சத்தத்தைக்கூட மறுபடி மறுபடி போட்டுக் கேட்பார்கள். வெள்ளிக்கிழமை என்றால் துணி துவைத்தலும், பிரியாணியும், சாயங்காலம் வாலிபாலும். இன்றைக்கு அந்தக் கேம்ப் இல்லை. அங்கே இருந்தவர்கள் யாராவது எங்காவது சந்தித்தால், சம்பளத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். அம்மையப்பனின் பிக்கப்பைப் பற்றித்தான் பேசுவார்கள்.

கேம்ப்பிலிருந்து மணலுக்குள் முப்பது கிலோமீட்டர் போனால் பைப்லைன் சைட். அங்கே இருக்கிற வெல்டர்களுக்குக் குடிதண்ணீர், காய்கறி, வெல்டிங் ராடு எல்லாம் பிக்கப்பில்தான் போகும். முன்பெல்லாம் இரண்டு பிக்கப்பாகப் போவார்கள். ஒன்று மாட்டினால் இன்னொன்று இழுக்கும். கூட வந்துகொண்டிருந்த டிரைவர் ஜெபல் அலியில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அவன் இடத்துக்கு ஆள் போடவில்லை. அம்மையப்பன் தனியாள் ஆனான். தனியாகப் போன இரண்டு தடவையும் மாட்டினான்.

போர்மேன் அருள்ராஜ் நாகர்கோவில்காரர். திட்டுவதைக்கூடச் சத்தம் போடாமல் திட்டுவார். அவனைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"அம்மையப்பா, சனிக்கிழமை காலையில எட்டு மணிக்குக் கன்சல்டன்ட் சைட்டுக்கு வாறாரு. அந்நேரம் வெல்டிங் ராடு அங்க இருக்கணும். உனக்கு இந்த மாசத்தோட காண்ட்ராக்ட் முடியுது, கேட்டியா? ராடு போய்ச் சேந்தா ரெண்டு வருஷத்துக்கு நானே எழுதித் தாறேன். மூணாவது தடவையும் மாட்டினேன்னா, ஒண்ணும் பேசாண்டாம். கலாஸ், ஊருக்குப் போயிரு."

அம்மையப்பன் தலையை ஆட்டிவிட்டு வந்தான். ஊரில் அவன் ஓட்டியதெல்லாம் அடுத்தவர் லாரி. சொந்தமாக ஒரு லாரி, அதன் நெற்றியில் மகள் அருணாவின் பெயர், அவ்வளவுதான் அவன் கேட்டது. இன்னும் இரண்டு வருஷம் இங்கே ஓட்டினால் அது நடந்துவிடும். இப்போது போனால், திரும்பவும் அடுத்தவர் லாரியின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நாக்பூருக்குத்தான் போக வேண்டும்.

ஆகவே வெள்ளிக்கிழமை விடிந்ததும், பிக்கப்பைத் தயார் செய்ய முசஃபாவுக்குக் கிளம்பினான். கூட கௌஸ் முகைதீனும் வந்தார்.

கௌஸ் முகைதீன் கீழக்கரைக்காரர். கேம்ப் வாசலில் சின்னதாக ஒரு பக்காலா வைத்திருந்தார். சோப்பு, சிகரெட், மத்தி மீன் டப்பா, டெலிபோன் கார்டு எல்லாம் அங்கேதான். போனும் அங்கேதான். அம்மையப்பன் வீட்டுக்குப் பேசி முடித்ததும், கார்டில் மிச்சமிருக்கிற நிமிஷத்தில் அவன் மனைவி நாகவள்ளி, "அண்ணன்கிட்டக் குடுங்க" என்பாள். அவன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று அவரிடம்தான் விசாரிப்பாள். அவன் பேச்சில் அவளுக்கு நம்பிக்கையில்லை. ஒரு தடவைகூட நேரில் பார்க்காத அந்தத் தங்கச்சியின் உறவில் அவர் அம்மையப்பனை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்து, கடைசியில் கேம்ப் முழுக்க அவர்களை மச்சான்மார் என்றே சொன்னது.

முசஃபா பழைய இரும்புக் கடைகளில் முதலில் வாங்கியது ஓட்டை போட்ட இரும்புத் தகடு நாலு. பலகை பறந்துவிடுகிறது, தகடு பறக்காது என்பது கணக்கு. தகடுகளை ஏற்றியதும் பிக்கப் பின்பக்கம் தாழ்ந்தது. அதற்கென்ன, நாமக்கல்லில் லாரிக்குச் செய்கிறதுதானே என்று பின்னால் கூடுதலாக இரண்டு ஸ்பிரிங் பட்டை போடச் சொன்னான். போட்டதும் பின்பக்கம் தூக்கிக்கொண்டு, வண்டி மூக்கைத் தரையில் குத்துகிற மாதிரி நின்றது. அதைச் சமாளிக்கப் பின்னால் எடை வேண்டும். நாலு மூட்டை மணல் வாங்கி ஏற்றினான்.

கௌஸ் முகைதீன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார். "மச்சான், அங்கயே மணல் கெடக்குதே?"

"அது வேற மணலுங்க மச்சான். இது சலிச்ச மணலு."

அடுத்து, முன் பம்பரில் ஒரு கை வின்ச். இரும்புக் கயிற்றை எதிலாவது மாட்டிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும். தனியாகப் போகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வெல்டிங் வைத்துப் பொருத்தி, காசும் கொடுத்த பிறகு கௌஸ் முகைதீன் மறுபடியும் யோசித்தார்.

"கயித்த எதுல மாட்டுவிய?"

"மரத்துலதானுங்."

சொன்ன பிறகுதான் அம்மையப்பனுக்கே உறைத்தது. முப்பது கிலோமீட்டருக்கு ஒரு புல்கூடக் கிடையாது. இருவரும் வின்ச்சைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடற்கரை ஊரில் பிறந்த மனிதர் சும்மா இருக்கக் கூடாதா? எதிர்க் கடையில் துருப்பிடித்துக் கிடந்த ஒன்றை அவர் கண் பார்த்துவிட்டது.

"எங்க ஊர்ல தோணி நகராம இருக்கக் கடல்ல நங்கூரம் போடுவோம். மணல்லயும் புடிக்கத்தானே செய்யும்?"

அம்மையப்பன் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். மீன்பிடிப் படகிலிருந்து கழற்றிய நங்கூரம் அது. இரண்டு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும். அதைப் பிக்கப்பின் முன்னால், பம்பருக்கு மேலே கயிறு போட்டுக் கட்டினார்கள். இப்போது மறுபடியும் முன்பக்கம் தாழ்ந்தது. சமன் செய்ய இரண்டு மூட்டை மணல் கூடப் போட்டார்கள். ஏற்றிய எடை அத்தனைக்கும் சேர்த்து, நாலு டயரிலும் இன்னும் காற்று ஏற்றினான்.

சாயங்காலம் கேம்ப்புக்குத் திரும்பியபோது வாலிபால் ஆட்டம் நின்றுபோனது. கப்பல் வருது என்று யாரோ சத்தம் போட, ஆடிக்கொண்டிருந்தவர்கள், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள், பிரியாணிச் சட்டி கழுவிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஓடி வந்து நங்கூரத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். அம்மையப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. இவ்வளவு பேர் இருக்கிறார்களே, ஒரு வெள்ளோட்டம் காட்டிவிடலாம் என்று வாலிபால் கோர்ட்டுக்குப் பின்னால் இருந்த மணலில் வண்டியை இறக்கினான்.

இருபது அடி போயிருக்கும். முன்சக்கரம் இரண்டும் உள்ளே போய், பம்பர் மணலில் முட்டிக்கொண்டது. நங்கூரத்தை அவிழ்க்கலாமென்றால் அதுவே மணலுக்குள் இருந்தது. இரும்புத் தகடுகளை எடுக்கலாமென்றால் அவை மணல் மூட்டைகளுக்கு அடியில் இருந்தன. கடைசியில் கேம்ப்பே திரண்டு, ஏலேலோ போட்டுப் பிக்கப்பைத் தூக்கி ரோட்டில் வைத்தது. சிரித்துச் சிரித்து சிலர் தூக்குவதை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

அம்மையப்பனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. விடிந்தால் சனிக்கிழமை. எதனால் மாட்டியது என்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். இவ்வளவு எடைக்கு இந்தக் காற்றுப் பத்தாது என்று தோன்றியது. கேம்ப்புப் பட்டறையைப் பூட்டப் போனவனை நிறுத்தி, கம்ப்ரஸரைப் போடச் சொல்லி, டயர் கல்லாகிறவரைக்கும் காற்றுப் பிடித்தான். இரும்புத் தடியால் தட்டினான். டங் என்றது. அதன்பிறகே அவனுக்கு மூச்சு வந்தது. பட்டறையைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விட்டார்கள். இனி மறுநாள் டியூட்டி நேரத்தில்தான் திறப்பார்கள்.

அப்படியே பக்காலாவுக்குப் போய், காசால் கார்டைச் சுரண்டி வீட்டுக்குப் போன் போட்டான். நாகவள்ளியிடம் தகடு, பட்டை, வின்ச், நங்கூரம் என்று ஒன்று விடாமல் சொன்னான். வாலிபால் கோர்ட்டு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அவள் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அருணா பள்ளிக்கூடத்தில் அப்பா படம் வரையச் சொன்னதற்கு ஒரு போனை வரைந்து வைத்தாள் என்று நடுவில் ஒரு சேதி சொன்னாள். அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"ஏனுங்க, நாளைக்கு எட்டு மணிக்குப் போய்ச் சேரலீன்னா நெசமாவே ஊருக்கு அனுப்பிருவாங்களா?" என்று கேட்டாள்.

"அனுப்பிருவாரு. போர்மேன் சொன்னாச் சொன்னதுதான்."

"கண்டிப்பா அனுப்பிருவாங்கல்ல?"

பாவம், எவ்வளவு பயப்படுகிறாள் என்று அம்மையப்பனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. ஒன்றும் ஆகாது, நங்கூரம் இருக்கிறது என்று தைரியம் சொன்னான். அவள் வழக்கம்போல, அண்ணன்கிட்டக் குடுங்க என்றாள். ரிசீவரைக் கொடுத்துவிட்டு அவன் ரூமுக்குப் போய்விட்டான். அன்றைக்குக் கடையில் நின்றவர்கள் சொல்லித்தான் பிறகு தெரிந்தது: பேசி முடித்த கௌஸ் முகைதீன், டீத்தூள் கேட்டவருக்குச் சோப்பைக் கொடுத்திருக்கிறார்.

சனிக்கிழமை விடிகாலையில் ஒரே பனிமூட்டம். கை நீட்டினால் விரல் தெரியவில்லை. அம்மையப்பன் குளித்து, விபூதி பூசி, நங்கூரத்துக்கும் ஒரு கீற்று இழுத்துவிட்டு, இரும்புத் தடியைத் தேடினான். காணவில்லை. ராத்திரி சாமான்களைப் பத்திரமாக அடுக்கியபோது தடியையும் சேர்த்து அடுக்கி, அதன்மேல் தகடு, அதன்மேல் மணல் மூட்டை, அதன்மேல் வெல்டிங் ராடு, அதன்மேல் தண்ணீர் கேன் என்று ஏற்றிக் கயிறும் போட்டிருந்தான். வேறு எதையாவது வைத்துத் தட்டலாம். அது அவன் மரபில் இல்லை.

வழியனுப்ப வந்த அருள்ராஜ் டார்ச் அடித்து வண்டியைப் பார்த்தார். டயர் சப்பையாகத் தெரிகிறதே என்றார்.

"லோடு சார்," என்றான் அம்மையப்பன்.

அதுவும் நியாயம்தான் என்று அவருக்கும் பட்டது. அத்தனையையும் ஏற்றினால் எந்த டயர்தான் பிதுங்காது? தொழுகை முடித்து வந்த கௌஸ் முகைதீன், பிக்கப் கிளம்புவதைப் பார்த்ததும் திகைத்து நின்றார். மச்சானுக்குப் பிரிய மனசில்லை என்று அம்மையப்பன் எடுத்துக்கொண்டு, கையை ஆட்டிவிட்டு கியரைப் போட்டான்.

ஸ்டியரிங் கனமாக இருந்தது. முன்னால் நங்கூரம் இருக்கிறதல்லவா, கனமாகத்தான் இருக்கும். மணல் ஆரம்பிக்கிற இடத்தில் வண்டியை இறக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தான். இறக்கினான். பிக்கப் போனது. சக்கரம் மணலுக்குள் போகவில்லை, மேலேயே உருண்டது. போன தடவை மாட்டிய இடம் வந்தது. பறந்துபோன பலகைகூட அங்கேயே கிடந்தது. அதைத் தாண்டிப் போனான். அதற்கு முந்தின தடவை மாட்டிய மேடு வந்தது. அதிலும் ஏறி இறங்கியது. வழியில் எங்கும் மண்வெட்டியை எடுக்கவில்லை, தகட்டை எடுக்கவில்லை, வின்ச்சைத் தொடவில்லை. பனி விலகி வெயில் வந்தது. மணல் நாலா பக்கமும் மஞ்சளாகக் கிடந்தது. மூன்று வருஷமாக இந்த ஊரில் இருக்கிறோமே, இது இவ்வளவு அழகாக இருக்கிறது என்று ஒருநாளும் பார்க்கவில்லையே என்று நினைத்தான். அருணாவை ஒரு தடவை இங்கே கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று தோன்றியது. தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினான்.

கன்சல்டன்ட் வந்து இறங்கியபோது வெல்டிங் ராடு அங்கே அடுக்கியிருந்தது. அவர் ஒரு வெள்ளைக்காரர். ராடைப் பார்க்கவில்லை, நங்கூரத்தைத்தான் பார்த்தார். அதன் பக்கத்தில் நின்று போட்டோகூட எடுத்துக்கொண்டார். அவரோடு வந்த அருள்ராஜ் அங்கேயே போனில் ஆபீசுக்குச் சொல்லி அம்மையப்பனுக்கு இரண்டு வருஷம் புதுப்பிக்க ஏற்பாடு செய்தார். மற்ற பிக்கப்புகளுக்கும் வண்டிக்கொரு நங்கூரம் வாங்கலாமா என்றும் விசாரித்தார்.

குல்மீரும் அங்கே நின்றிருந்தான். பிக்கப்பைச் சுற்றி வந்தவன், நங்கூரத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு குனிந்து டயரைப் பார்த்தான். காலால் ஒரு தட்டு. முகமெல்லாம் சிரிப்பாகி, அம்மையப்பனின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தான்.

"ஷாபாஷ் பாய். அப் சம்ஜா."

இப்போதுதான் உனக்கு விளங்கியது என்கிறான். நங்கூரத்தின் அருமை இந்தப் பட்டாணிக்கும் தெரிந்துவிட்டதே என்று அம்மையப்பன் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டான்.

திரும்பி வரும்போதும் எங்கும் மாட்டவில்லை. கேம்ப்பில் சாமான்களை இறக்கியபோது, எல்லாவற்றுக்கும் அடியில் இரும்புத் தடி கிடைத்தது. காலையில் விட்டுப்போன கடனை முடித்துவிடலாம் என்று போய் முன்டயரில் ஒரு தட்டுத் தட்டினான். சொத் என்றது. அடுத்ததில் தட்டினான். அதுவும் சொத். பின்னால் போனான். இரண்டும் சொத் சொத். சுமை எல்லாம் இறக்கிய பிறகும் நாலு டயரும் பிதுங்கித்தான் நின்றன.

அம்மையப்பன் தடியைக் கீழே போட்டான். குல்மீர் டயரைத் தட்டிச் சிரித்தது ஞாபகம் வந்தது. ஹவா நிகாலோ என்று இரண்டு தடவை சொன்னதும் ஞாபகம் வந்தது. நங்கூரத்தைப் பார்த்தான். அது விபூதிக் கீற்றோடு சும்மா கிடந்தது. அப்படியானால் முப்பது கிலோமீட்டர் தன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது இதுதானா? டயரில் ஆணி இல்லை, கிழிசல் இல்லை, வால்வு மூடி மட்டும் நாலும் கழன்று, ராத்திரி வண்டி நின்ற இடத்தின் ஓரமாகக் கல்லின்மேல் அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எவனோ வேண்டுமென்றே இறக்கியிருக்கிறான். சட்டென்று மச்சினன் மேல்தான் சந்தேகம் போனது. அவன் நாமக்கல்லில் இருக்கிறான் என்பதை நினைத்து அதை விட்டுவிட்டான்.

எவனாக இருந்தாலும் இருக்கட்டும். முதலில் நாகவள்ளியிடம் சொல்ல வேண்டும். சந்தோஷத்தைச் சுமந்துகொண்டு பக்காலாவுக்கு ஓடினான். கௌஸ் முகைதீன் ஒரு கார்டை எடுத்து, இவன் முகத்தைப் பார்க்காமல் நீட்டிவிட்டு, திரும்பி நின்று மத்தி மீன் டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே அடுக்கியிருந்த டப்பாக்கள்தான்.

"போய்ச் சேந்துட்டன் நாகு," என்றான் அம்மையப்பன் எடுத்ததும். "ஒரு எடத்துலகூட மாட்டல. ரெண்டு வருஷத்துக்குப் புதுப்பிச்சுட்டாங்க. நம்ம லாரி வந்த மாதிரிதான்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சந்தோஷத்தில் அழுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று டயர் விஷயத்தை எடுத்தான்.

"இன்னொரு கூத்தக் கேளு. எவனோ நாலு டயர்லயும் காத்தப் புடுங்கி விட்டுருக்கான். காத்துக் கம்மியா இருந்ததாலதான் வண்டி மணல்ல போச்சாமா. நம்ம தலை தீபாவளிக்கு உன் தம்பி பண்ணுனான் பாரு, அச்சு அசல் அதே வேலை."

கடைக்குள் ஒரு மத்தி மீன் டப்பா கீழே விழுந்து உருண்டது. கௌஸ் முகைதீன் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

"என் தம்பியச் சொல்லாதீங்க," என்றாள் நாகவள்ளி. "அன்னைக்கும் நான்தானுங்க புடுங்குனேன். அன்னைக்கு நான் புடுங்குனதுக்கு நாலு நாள் வீட்டுல இருந்தீங்க. இப்ப அண்ணன்கிட்டச் சொல்லிப் புடுங்கச் சொன்னா, ரெண்டு வருஷம் சேத்து வாங்கிட்டு வந்து நிக்கறீங்களே."